1 நோட்ரம்ப் – 3 நோட்ரம்ப், கைல மூணே பாயிண்ட்: டைமண்ட் 4ஆ, ஸ்பேட் ஜாக்கா?

மாட்டுங்கா கிழக்கு:
நேத்து பிரிட்ஜ் கிளப்ல வந்த கை. சவுத் 1 நோட்ரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம், கைல 15–17 பாயிண்ட்; ஏஸ் 4, கிங் 3, குவீன் 2, ஜாக் 1), நார்த் யோசிக்காம நேரா 3 நோட்ரம்ப் (13 ட்ரிக்ல ஒம்பது எடுக்கணும்), அவ்ளோதான் ஏலம். லீட், அதாவது முதல் சீட்டு, என் பார்ட்னருக்கு. அவர் கை: ஸ்பேட் ஜாக் 10 5, ஹார்ட் 8 4, டைமண்ட் குவீன் 7 6 4 3, கிளப் 9 7 2. போட்டது டைமண்ட் 4. டம்மில (மேஜைல விரிச்சு வச்ச நார்த் கை) ஏஸ் ஜாக், அந்த ஜாக்கே ஜெயிச்சுடுச்சு, அப்புறம் என் கிளப் ஏஸை வெளிய வரவச்சுட்டு டிக்ளேரர் (ரெண்டு கையையும் ஆடற சவுத்) பத்து ட்ரிக் எடுத்துட்டார். எங்கிட்ட இருந்தது ஸ்பேட் கிங் குவீன் 9 7 2, கூட அந்த கிளப் ஏஸ். முதல்லயே ஸ்பேட் வந்திருந்தா ஸ்பேட்ல நாலு, ஏஸ் ஒண்ணு, நமக்கு அஞ்சு ட்ரிக், கேம் டவுன். கேட்டா "நீளமான சூட்ல நாலாவது சீட்டு, அப்படித்தானே கத்துக்கிட்டோம்"ங்கறார். நீங்க எதைப் போடுவீங்க?

டோம்பிவிலி லோக்கல்:
டைமண்ட் 4. ரெண்டாவது யோசனையே கிடையாது. நாலு கையையும் விரிச்சு வச்சுட்டு யார் வேணா பேசலாம் சார், உங்ககிட்ட டைமண்ட் கிங் 10 இருந்து ஸ்பேட் ஒண்ணுமில்லாம இருந்திருந்தா இதே ஜாக் போட்டதுக்கு இன்னிக்கு வேற தலைப்புல திட்டிட்டு இருந்திருப்பீங்க.

ராத்திரி பிபிஓ:
அண்ணா, டைமண்டே செட் ஆகுதுன்னு (மிச்ச டைமண்டெல்லாம் ஜெயிக்கற சீட்டாச்சுன்னு) வைங்க, அப்புறம் அந்தக் கைக்கு எப்படி உள்ள வருவீங்க? மொத்தமே ஒரு குவீன், ஒரு ஜாக். கூட்டமான லோக்கல்ல நடுவுல மாட்டிக்கிட்டா தாணே வந்து என்ன, கதவுகிட்ட வர வழி வேணாமா? எதிராளிங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து 25, 26, 27 ஏதோ இருக்கும், நம்ம கைல 3, மிச்சம் பத்து சொச்சம் பார்ட்னர்கிட்டதான். அதனால என்ட்ரியும் (உள்ள வர உதவற ஜெயிக்கற சீட்டு) அவர்கிட்டதான், அவர் சூட்டைத்தான் தேடணும். நார்த் ஸ்டேமன் (பார்ட்னர்கிட்ட நாலு சீட்டு மேஜர், அதாவது ஸ்பேடோ ஹார்ட்டோ, இருக்கான்னு விசாரிக்கற ஏலம்) கேக்கல, அப்போ பெரும்பாலும் டம்மில நாலு சீட்டு மேஜர் இல்ல. நமக்கு ஹார்ட் ரெண்டு, ஸ்பேட் மூணு அதுவும் ஜாக் 10ஓட. வேற எங்க போறது? டேவிட் பேர்டும் டாஃப் ஆந்தியாஸும் 2011ல போட்ட புத்தகத்துல கம்ப்யூட்டர்ல ஆயிரக்கணக்கான கை ஓட்டிப் பார்த்திருக்காங்க, 1 நோட்ரம்ப் – 3 நோட்ரம்ப்ல வீக் கைக்கு அஞ்சு சீட்டு மைனரை (டைமண்ட், கிளப்) விட கம்மி சீட்டு உள்ள மேஜர் பல தடவை மேலன்னு வந்துருக்கு.

டோம்பிவிலி லோக்கல்:
அந்தக் கம்ப்யூட்டருக்கு நாலு கையும் தெரியும் தம்பி. டிக்ளேரர் ஒரு இடத்துலயும் தடுமாற மாட்டார், டிஃபென்ஸும் தப்பே பண்ணாது. நம்ம டேபிள்ல அப்படியா? நான் டைமண்ட் 4 போட்டா பார்ட்னர் 11 விதிப்படி 11ல 4 கழிச்சு, என் கைக்கு வெளிய இதுக்கு மேல ஏழு சீட்டுன்னு எண்ணி, டம்மியையும் தன் கையையும் கழிச்சு டிக்ளேரர்கிட்ட எத்தனைன்னு பிடிச்சுடுவார். ஸ்பேட் ஜாக் போட்டா? ரெண்டு சீட்டா, மூணா, அஞ்சான்னு அவர் முழிக்கணும். சிஸ்டம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு.

செம்பூர் மாமி:
அந்த 11 கணக்கு டிக்ளேரருக்கும் தெரியுமே லோக்கல் சார், அவர் மட்டும் என்ன கண்ணை மூடிண்டா உக்காந்திருக்கார். பேர்ஸ் ஆட்டம்னா (இதே கையை ஆடின மத்த ஜோடிகளோட ஒப்பிட்டு மார்க் போடறது) இன்னும் மோசம், குவீனுக்குக் கீழேர்ந்து போட்டு டம்மி ஜாக்குக்கு ஓசில ஒரு ட்ரிக், அந்த ஓவர்ட்ரிக் ஒண்ணுலயே பாதி போர்டு போயிடும். ஜாக் 10 5 லேர்ந்து போட்டா அப்படிக் கொடுக்கறது ரொம்பக் குறைவு. ஆனா மாட்டுங்கா சார், நீங்க ஏன் டபுள் (எதிராளி தோப்பாங்கன்னு பந்தயத்தை ஏத்தற ஏலம்) சொல்லல? இந்த ஏலத்துல டபுள்னா ஸ்பேட் லீட்னு பேசி வச்சுண்டு ஆடற ஜோடி உண்டு. வாயை மூடிண்டு இருந்துட்டு லீட் போட்டவரை மட்டும் திட்டினா எப்படி?

மாட்டுங்கா கிழக்கு:
பத்து பாயிண்டை வச்சுக்கிட்டு டபுளா மாமி? அவங்க இன்னும் ஏத்தி ரீடபுள் சொன்னா? ஸ்பேட் ஏஸ் குவீன் ஜாக் மாதிரி இருந்து கைல ஒரு ஏஸும் இருந்தா சொல்லுவேன். கிங் குவீன் 9க்கு தைரியம் வரல.

ராத்திரி பிபிஓ:
டபுள் விஷயத்துல மாட்டுங்கா சார் பக்கம். பார்ட்னர்கிட்ட ஸ்பேட் ஜாக் இல்லாம வெறும் 6 3னு இருந்தா கதை கந்தல். ஆனா லோக்கல் அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதே கைல ஹார்ட் 8க்கு பதிலா ஏஸ் இருந்தா நானும் டைமண்ட் 4தான் போடுவேன். என்ட்ரி வந்துடுச்சே. உங்களுக்கு ரெண்டு கையும் ஒண்ணா?

டோம்பிவிலி லோக்கல்:
ஏஸ் இருந்தா டைமண்ட், சரி. ஏஸ் இல்லைன்னாலும் அம்பது அம்பதுன்னு ஒத்துக்கறேன், அதுக்கு மேல இறங்க மாட்டேன். ஆனா டைமண்ட் குவீன் ஜாக் 10 6 3னு இருந்தா? குவீன் போட மாட்டியா நீ?

ராத்திரி பிபிஓ:
அதுக்கு குவீன்தான், சண்டையே இல்ல. சீக்வென்ஸ் (வரிசையா வர பெரிய சீட்டு) வேற, ஒத்தைக் குவீன் வேற.

மாட்டுங்கா கிழக்கு:
பார்ட்னர் இதையெல்லாம் படிச்சுட்டார். "அந்த லோக்கல் யாரு, ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா"ன்னு கேக்கறார்.