மறு: ‘தற்சோதனை’ பொருந்துமா? தற்கணிப்பு, உட்சாய்வு ஆகிய சொற்கள் குறித்து

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

தம் அரசியல் நிலைப்பாடு எது, தாம் எந்த வர்க்கத்தவர், தமக்கே தெரியாமல் தம் மனம் யார் பக்கம் சாய்கிறது என்பவற்றை அறிய ஒருவர் இணையத்தில் தனியே அமர்ந்து செய்து பார்க்கும் கருவிகளுக்குப் பொதுச்சொல் தேடும் இந்த இழையில், ‘தற்சோதனை’, ‘சுயபரிசோதனை’, ‘தன்மதிப்பீடு’, ‘தன்னறி வினாநிரல்’ என நான்கு சொற்கள் இதுவரை வந்துள்ளன. நான்கிலும் எனக்குக் குறை தெரிவதால் ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன். மடல் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள்க.

‘சுயபரிசோதனை’ என்பது மனச்சான்றோடு பேசுவதற்கு ஏற்கெனவே வழங்கும் சொல். ‘தன்மதிப்பீடு’ அலுவலகப் படிவங்களுக்குப் போய்விட்டது. இவ்விரண்டையும் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை. ‘தன்னறி வினாநிரல்’ அழகாக இருக்கிறது. ஆனால் இக்கருவிகள் எல்லாமே வினா கேட்பவை அல்ல. மூன்று எடுத்துக்காட்டுகளை அருகில் வைத்துப் பார்த்தால் இது புலப்படும்.

2001 முதல் இணையத்தில் இருந்துவரும் அரசியல் திசைகாட்டி (Political Compass), நம் அரசியல் நிலைப்பாட்டை இரு அச்சுகள் கொண்ட கட்டப்படத்தில் ஒரு புள்ளியாகக் காட்டுவதற்காக 62 கூற்றுகளைத் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் வன்மையாக உடன்படுவது தொடங்கி வன்மையாக மறுப்பது வரை நான்கே விடைகள். ‘இரண்டும் இல்லை’ என்று ஒதுங்கிக்கொள்ள நடுவில் ஐந்தாவது கட்டம் கிடையாது. இங்கே நாம் தருவது நம் கருத்து. பிபிசி 2011-இல் நடத்திய பிரித்தானிய வர்க்க ஆய்வோ கருத்தைக் கேட்கவில்லை. வருமானம், சேமிப்பு, வீட்டின் மதிப்பு, பழகும் மனிதர்களின் தொழில், ஓய்வுநேர ஈடுபாடுகள் ஆகிய நடப்புகளைக் கேட்டது. பொருள், உறவு, பண்பாடு என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ வகுத்த மூவகை மூலதனங்களே அதன் அடிப்படை. மூன்றாவதான உள்ளியைபுக் கணிப்பு (ஆங்கிலத்தில் Implicit Association Test; இத்தமிழ்ப் பெயரைப் பின்னர் விளக்குகிறேன்) இவை இரண்டையும் பொருட்படுத்துவதில்லை. 1998-இல் உளவியலாளர் கிரீன்வால்டும் அவருடன் பணியாற்றிய இருவரும் வெளியிட்ட அம்முறையில், திரையின் நடுவில் வந்து விழும் சொற்களையும் முகங்களையும் இடக்கை விசையாலும் வலக்கை விசையாலும் இரு பக்கமாகப் பிரித்துத் தள்ளுவதே நம் வேலை. நாம் தருவது, அப்படிப் பிரிக்க எடுத்துக்கொள்ளும் மில்லிநொடிகள் மட்டுமே. இதை ‘வினாநிரல்’ என்றால் கருவியின் உயிரையே விட்டுவிட்டவர்கள் ஆவோம்.

ஆகவே எஞ்சுவது ‘தற்சோதனை’. பெரும்பாலோர் ஆதரிக்கும் அச்சொல்லை நான் ஏற்கத் தயங்கும் காரணம் ஒன்றுதான். தமிழில் சோதனை என்றாலே முடிவு கையில் கிடைத்துவிடும் என்ற உறுதியும் கூடவே வந்துவிடுகிறது. இரத்தத்தைச் சோதித்தால் நோய் இருக்கிறது அல்லது இல்லை. பொன்னைச் சோதித்தால் மாற்றுத் தெரிந்துவிடும். நாம் பேசும் கருவிகள் அவ்வகையின அல்ல. உள்ளியைபு முறையில் ஒரே ஆள் இருமுறை பெறும் மதிப்பெண்களுக்கு இடையிலான ஒட்டுறவுக் கெழு (முழுதும் ஒத்துப்போனால் 1) ஏறத்தாழ 0.5 என்றே பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கூறுகின்றனர். அதாவது, இன்று ‘மிதமான’ சாய்வு என்று வரும் முடிவு அடுத்த வாரம் ‘சிறிதளவு’ என்று வந்தால் வியப்பதற்கில்லை. எனக்கே அப்படி நேர்ந்தது. முதல்முறை விரல்கள் பழகாமல், தவறான விசையை அழுத்தினால் தோன்றும் சிவப்புப் பெருக்கல் குறியை அடிக்கடி வரவழைத்துக்கொண்டேன். இரண்டாம்முறை விரல்கள் பழகிவிட்டன, முடிவும் ஒரு படி இறங்கிவிட்டது. இடையில் என் மனம் திருந்தியது என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கிறது.

எனவே நான் முன்வைப்பது ‘தற்கணிப்பு’. தற்காப்பு, தற்கொலை போலவே புணர்ச்சி இயல்பானது. கருத்துக்கணிப்பு என்ற சொல் நாளிதழ் வாசகர் அனைவருக்கும் பழக்கமானது. கணிப்பு பொய்க்கவும் கூடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். வேறு எச்சரிக்கைக் குறிப்பு தேவையில்லாமல், அந்த ஐயத்தைச் சொல்லே சுமந்து வருகிறது.

> கணிப்பு என்றால் ஜாதகம் கணிப்பதுதானே நினைவுக்கு வரும்?

நேற்று எழுந்த இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் குறையாக ஏற்கவில்லை. திசைகாட்டியில் தம் புள்ளி விழுந்த கட்டத்தைப் படம்பிடித்துப் பகிர்பவர்களைப் பார்க்கும்போது, ராசிபலன் படிப்பவரின் முகம் நினைவுக்கு வருவதை என்னால் தவிர்க்க முடிவதில்லை.

இனி வர்க்கம். ‘வகுப்புத் தற்கணிப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வகுப்பு என்ற சொல் பள்ளி அறையையும், வகுப்புவாதம் போன்ற தொடர்களில் சமய, சாதிப் பிரிவையும் குறித்துவிட்டதால் ‘வர்க்கம்’ என்பதே தெளிவு. ‘படிநிலை’யும் வேண்டாம். பிபிசி ஆய்வின் முடிவுகள் 2013 ஏப்ரலில் வெளிவந்தபோது அவை ஏழு வர்க்கங்களைக் காட்டின; மேலே உயர்குழாமும் கீழே நிலையற்ற பிழைப்பினரும் இருந்தாலும், இடைப்பட்ட ஐந்தையும் ஏணிப்படிகளாக அடுக்க முடியாது. பணம் மிகுந்து தொடர்புகள் குன்றிய தொழில்நுட்ப நடுத்தர வர்க்கம், பணம் குறைந்தும் பண்பாட்டு ஈடுபாடு மிகுந்த புதிய சேவைப் பணியாளரைவிட எத்தனை படி மேலே என்று எதைக் கொண்டு சொல்வது? இங்கும் கணிப்பு என்ற சொல்லின் பொருத்தம் தெரிகிறது: இணையத்தில் தாமாக வந்து விடையளித்த 1,61,000-க்கும் மேற்பட்டோரில் படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் மிகுந்திருந்ததால், ஆய்வாளர்கள் தனியாக 1,026 பேரைக் கொண்ட மாதிரி ஒன்றையும் எடுக்க வேண்டியதாயிற்று.

இறுதியாக, இந்த இழையில் மிகுந்த உணர்ச்சியோடு பேசப்பட்ட சொல்லுக்கு வருகிறேன். தன்னையறியாத ஒருபக்க மனநிலைக்கு ‘மறைமுகப் பாரபட்சம்’, ‘உள்ளுறைச் சார்பு’, ‘உட்கோட்டம்’ என மூன்று முன்மொழிவுகள் உள்ளன. பாரபட்சம் என்பது செயல். ஒருவரை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குவது பாரபட்சம். இக்கருவி செயலை அளப்பதில்லை. மேலும், ‘மறைமுகம்’ என்றால் யாரோ திட்டமிட்டு மறைக்கிறார் என்றாகிவிடும். ‘சார்பு’ கணிதத்தில் வேறு பொருளில் நிலைத்துவிட்டது. அரசியல் சார்பு என்பதோ ஒருவர் அறிந்தே, வெளிப்படையாகவே கொள்வது. ஒரே சொற்பட்டியலில் இரண்டுக்கும் அதே சொல் வந்தால் குழப்பமே மிஞ்சும்.

‘உட்கோட்டம்’ குறளின் சொல். நடுவுநிலைமை அதிகாரத்தின் 119-ஆம் குறள், உட்கோட்டம் இல்லாதிருந்தால் சொற்கோட்டமும் இல்லாமற்போகும் என்கிறது. இதைக் கண்டெடுத்துத் தந்த அம்மையாருக்கு நன்றி. ஈராயிரம் ஆண்டுப் பழமையை விட மனமில்லாமல் நானும் இரண்டு நாள் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். கைவிட்டதற்குக் காரணம் அந்தக் குறளேதான். உள்ளே வளைவு இருந்தால் வெளியிலும் வளையும் என்ற பிணைப்பை அது உறுதியாக்குகிறது. ஆய்வாளர்கள் இன்றும் வழக்காடிக்கொண்டிருப்பது சரியாக அந்த இடத்தில்தான். இக்கருவியின் மதிப்பெண் ஒருவரின் நடத்தையை முன்கூட்டிச் சொல்லுமா என்பதற்கு 2009-இல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வு ஓரளவு சாதகமான விடையையும், 2013-இல் வந்த மற்றொன்று மிக வலுக்குறைந்த விடையையும் தந்தன. குறள் தெரிந்த வாசகர் ‘உட்கோட்டம்’ என்று படித்ததுமே வழக்கு முடிந்துவிட்டது என்று எண்ணிவிடுவார். அத்துடன், கோட்டம் சான்றோருக்கு ஆகாத குற்றம். மில்லிநொடி வேறுபாட்டுக்கு அத்தனை பெரிய பழி தகாது.

எனவே ‘உட்சாய்வு’ என்கிறேன். சாய்வு குற்றம் சாட்டாது. அதற்கு அளவும் உண்டு. கருவி தரும் ‘சிறிதளவு’, ‘மிதமான’, ‘வலுவான’ என்ற மூன்று நிலைகளும் (மதிப்பெண்ணில் அவை முறையே தொடங்கும் வரம்புகள் 0.15, 0.35, 0.65) இச்சொல்லோடு இயல்பாக ஒட்டுகின்றன. கருவியின் பெயரில் மட்டும் சாய்வைச் சேர்க்காமல் ‘உள்ளியைபுக் கணிப்பு’ என்று வைத்தேன். கருவி அளப்பது இரு கருத்துகள் மனத்தில் எவ்வளவு விரைவாக இயைகின்றன என்பதை. சாய்வு நாம் அதிலிருந்து உய்த்துணர்வது. அளப்பதும் உய்ப்பதும் ஒரே பெயரில் வரக்கூடாது என்பதில் நான் சற்றுப் பிடிவாதமாகவே இருக்கிறேன். மில்லிநொடிக் கணக்குக்கு உளவியல் நூல்களில் உள்ள ‘துலங்கல் நேரம்’ போதும். புதிதாக ஒன்று வேண்டியதில்லை.

வழக்கம்போல் வாக்கியத்தில் இட்டுப் பார்த்தேன்: “உள்ளியைபுக் கணிப்பில் அவருக்கு மிதமான உட்சாய்வு தென்பட்டது, ஆனால் அரசியல் தற்கணிப்பில் அவர் தெரிவித்த கருத்துகள் அதற்கு நேர்மாறாக இருந்தன.” தடுக்கவில்லை.

எனக்குத் தீராதது ஒன்று உண்டு. திசைகாட்டியின் கிடை அச்சுக்கு இடது, வலது போதும். குத்தச்சின் மேல்முனைக்கு ‘அதிகாரவாதம்’ என்று வைத்தாலும், கீழ்முனைக்குத் ‘தாராளவாதம்’ என்றால் அது வேறொரு கொள்கையின் பெயராகிவிடுகிறது, ‘சுதந்திரவாதம்’ என்றால் விடுதலைப் போராட்டம் வந்து நிற்கிறது. ‘தன்னுரிமைவாதம்’ என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். இதைவிடச் சிறந்தது யாரிடமேனும் இருந்தால் எழுதுக.