பெடார்டோட அடுத்த கான்ட்ராக்ட்: எந்த வருஷ சேலரி கேப்ப எடுக்கணும்?

NHL ஐஸ் ஹாக்கி வீரர் கானர் பெடார்டோட 3 வருஷ என்ட்ரி லெவல் கான்ட்ராக்ட் (புது வீரரோட முதல் கான்ட்ராக்ட்) 2025-26 சீசனோட முடியுது, அடுத்தது எவ்வளவுக்குப் போகும்னு எக்ஸெல்ல கணக்கு போட்டு ஒரே எடத்துல மாட்டிக்கிட்டேன். கோல், அசிஸ்ட் மட்டும் வச்சுப் பாத்தேன், வேலைக்காகல. அப்புறம் சம்பளத்த சேலரி கேப்போட (ஒரு டீம் ஒரு சீசன்ல வீரர்கள் சம்பளத்துக்கு செலவு பண்ணக்கூடிய உச்ச வரம்பு) சதவீதமா மாத்தினேன். இன்னொரு NHL வீரர் ஜாக் ஹியூஸ் 2021ல கையெழுத்து போட்டது 8 வருஷத்துக்கு, வருஷம் 8 மில்லியன் டாலர். அப்போ கேப் 81.5 மில்லியன், அடுத்த சீசன் 82.5, எத வச்சாலும் 9.8, 9.7 சதவீதம்னு பக்கத்துலயே வருது. ஆனா இன்னொரு வீரர் லோகன் கூலி 2025 அக்டோபர்ல வருஷம் 10 மில்லியனுக்கு கையெழுத்து போட்டப்ப கேப் 95.5, கான்ட்ராக்ட் தொடங்கற 2026-27ல 104. ஒண்ணுல 10.5 சதவீதம், இன்னொண்ணுல 9.6. பெடார்டுக்கு இதுவே கிட்டத்தட்ட 1 மில்லியன் வித்தியாசம்! கேப் இப்படி தாவும்போது கையெழுத்து போட்ட வருஷத்த எடுக்கணுமா, தொடங்கற வருஷத்தயா?