கிங் பின் தேய்ந்துவிட்டது, மணலி பக்கம் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மார்களே, நாற்பது அடி டிரெய்லர் ஒன்று வைத்து மணலியிலிருந்து துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஓட்டுகிறேன். நேற்று எண்ணூர் விரைவுச் சாலை வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஒவ்வொரு பிரேக்குக்கும் ‘டொக்’ என்று ஒரு சத்தம். டிரெய்லரைக் கழற்றி, கிரீஸைத் துடைத்து, வெர்னியர் அளவுகோல் வைத்தால், டிரெய்லரை இழுக்கும் லாரியோடு பூட்டுகிற கிங் பின்னின் விட்டம் 48.6 மி.மீ. காட்டுகிறது. புதிதில் 50.8 இருக்கும், 49-க்குக் கீழே போனால் மாற்றியாக வேண்டும். மெக்கானிக்கோ வெல்டு வைத்துக் கடைந்தால் போதும் என்கிறார். பின்னால் லோடு இருக்கும்போது அதை நம்ப மனசு வரவில்லை.

வண்டி இணைப்புப் பாகங்களுக்கான ஐ.நா. விதி 55-இன்படி சோதித்த கிங் பின்னில் ஒப்புதல் எண் பொறித்திருக்கும். அப்படிப்பட்ட, போல்ட் போட்டு மாட்டுகிற ரகம் மாதவரம் பக்கம் எங்கே பில்லோடு கிடைக்கும்? அப்புறம், லாரியில் கிங் பின்னைக் கவ்விப் பிடிக்கிற ஃபிஃப்த் வீல் தாடையையும் அளந்து பார்க்கிற ஆள் வேண்டும். அதுவரை வண்டி ஷெட்டில்தான்.