ஹாம் ரேடியோவில் வெர்டிக்கல் (நேர்நிற்கும்) ஆன்டெனா சோதனையில் மனதை விட்டுப் போகாத ஒரு கணம்: பகிருங்கள்

#1 செப்புக்கம்பி

எஸ்டபிள்யூஆர் ஏறியது, ஆன்டெனா தேறியது. எஸ்டபிள்யூஆர் என்பது கேபிளின் 50 ஓமோடு ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம். கண்ணால் பார்த்தும் மனம் ஒப்புக்கொள்ள நேரம் பிடித்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

20 மீட்டர் பேண்டுக்குக் கால் அலை ஒயர், ஃபைபர் கம்பத்தில். 71.3-ஐ 14.1 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் 5.06 மீட்டர். பிவிசி உறை போட்ட ஒயர் என்பதால் நறுக்க நறுக்க 4.88-ல்தான் வந்து நின்றது. தரையில் 4 ரேடியல் (ஆன்டெனா அடியிலிருந்து சுற்றிலும் விரியும் ஒயர்), ஒவ்வொன்றும் 5 மீட்டர். கோஆக்ஸ் கேபிள் வழியாக அல்ல, ஆன்டெனாவில் கேபிள் சேரும் ஃபீட்பாயின்டிலேயே அனலைசரை (தடையும் எஸ்டபிள்யூஆரும் காட்டும் கருவி) மாட்டிப் பார்த்தது: 56 ஓம், எஸ்டபிள்யூஆர் 1.1. ரேடியலை 8 ஆக்கியதும் 48 ஓம், 1.04. யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கருவியை மூட்டை கட்டிவிடுவார்கள். 16-ல் 42 ஓம். 32-ல் 38 ஓம், எஸ்டபிள்யூஆர் 1.3!

நல்ல தரைக்கு மேல் நிற்கும் கால் அலை வெர்டிக்கலின் கதிர்வீச்சுத் தடை ஏறக்குறைய 36 ஓம். 56 காட்டினால் மிச்சம் 20 ஓம் மண்ணைச் சூடாக்குகிறது என்றுதான் அர்த்தம். 100 வாட் கொடுத்தால் 64 வாட் கதிராகப் போகிறது. 8 ரேடியலில் 75. 32-ல் 95 வாட். அந்த அழகான 1.04-க்காக 25 வாட்டை மண்ணுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஒன்று கவனியுங்கள். ரேடியல் கூடக் கூட ஒத்ததிர்வும் கொஞ்சம் நகரும். X (எதிர்வினைத் தடை) பூஜ்ஜியமாகும் அலைவரிசையைத் தேடி, அங்கே R-ஐ (ஓம் தடை)ப் படிக்க வேண்டும். எஸ்டபிள்யூஆர் குறைந்தபட்சமாக இருக்கும் புள்ளியும் X பூஜ்ஜியமாகும் புள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

#2 பின்னல்கவசம்

ஃபீட்பாயின்டிலேயே அளந்தது சரி. ரிக் (ரேடியோ) பக்கம் இருந்து அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது.

10 மீட்டர் பேண்ட் வெர்டிக்கல், 35 மீட்டர் ஆர்ஜி-58 கோஆக்ஸ். ரிக் பக்கம் 1.3, பேண்ட் முழுக்க அசையாமல். அப்படி அசையாமல் இருந்ததுதான் சந்தேகம். மேலே போய் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கீழே வந்து பார்த்தால், கேபிள் முனையில் ஒன்றுமே இல்லாதபோது எஸ்டபிள்யூஆர் 2.0 காட்டுகிறது! திறந்த முனைக்குக் கிட்டத்தட்ட முடிவிலி காட்ட வேண்டும்.

2.0 என்றால் ரிட்டர்ன் லாஸ் (போனதைவிடத் திரும்பி வருவது எவ்வளவு குறைவு என்பது) 9.5 டிபி. சிக்னல் மேலே போய்த் திரும்பி வந்ததால் பாதியாக்கினால் கேபிளின் ஒருவழி இழப்பு 4.8 டிபி. 35 மீட்டர் ஆர்ஜி-58 புதிதாக இருந்தாலே 28 மெகாஹெர்ட்ஸில் 3 டிபிக்குப் பக்கத்தில் தின்னும், அதற்கே திறந்த முனை 3.0 காட்டும். அதற்கு மேலிருந்த கிட்டத்தட்ட 2 டிபி, தண்ணீர். மேல்முனையில் உறையைக் கீறிப் பார்த்தால் பின்னல் முழுக்கக் கறுத்து, விரலில் தேய்த்தால் பொடி ஒட்டியது. 40 செ.மீ. வெட்டிய பிறகும் கறுப்புத்தான்.

பிஎல்-259 தண்ணீரைத் தடுக்கும் கனெக்டர் அல்ல. தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து, பாதி மேல் பாதி ஏறும்படி, கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் மடிப்புகள் ஓடு வேய்ந்ததுபோல் தண்ணீரை வழிய விடும். அதற்கு மேல் வெயில் தாங்கும் வினைல் டேப் ஒரு சுற்று. கனெக்டருக்குக் கீழே கேபிளை ஒரு வளையம் தொங்கவிட்டால் சொட்டு அங்கேயே விழுந்துவிடும்.

#3 நான்குகால்

செப்புக்கம்பி சார், உங்கள் கணக்கில் எனக்கு இரண்டு இடத்தில் உடன்பாடு இல்லை.

முதலாவது, 64 வாட்டுக்கும் 95 வாட்டுக்கும் வித்தியாசம் 1.7 டிபி. ஒரு எஸ்-யூனிட் (ரிசீவர் மீட்டரில் ஒரு படி) என்பது 6 டிபி. 28 ஒயர் கூடுதலாக விரித்து மூன்றில் ஒரு எஸ்-யூனிட்கூடக் கிடைக்கவில்லை. இரண்டாவது, அளந்த தடையிலிருந்து 36-ஐக் கழித்தால் மண் இழப்பு என்பது தோராயம்தான். ரேடியல் எண்ணிக்கை மாறினால் மின்னோட்டம் பரவும் விதமும் மாறும், கதிர்வீச்சுத் தடையே 36-ல் நிற்காது. தூரத்து மண்ணில் நடக்கும் இழப்பு ஃபீட்பாயின்ட் அளவீட்டில் தெரியவே தெரியாது.

ஒளிபரப்பு நிலையங்கள் 120 ரேடியல் புதைக்கும் வழக்கம் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டைன் மூவரும் 1937-ல் வெளியிட்ட அளவீடுகளிலிருந்து வந்தது. அது கிலோவாட் கணக்கில் மின்சாரம் செலவழிப்பவர்களுக்கான கணக்கு. நமக்கு உயர்த்திக் கட்டிய 4 ரேடியல் போதும். தரையில் கிடக்கும் ரேடியலுக்கு நீளம் அவ்வளவு முக்கியமில்லை, மண் அதன் ஒத்ததிர்வைக் கலைத்துவிடும். உயர்த்திக் கட்டினால் நீளம்தான் எல்லாமே.

செய்யும் விதம்: ரேடியல்கள் 2.5 மீட்டர் உயரத்தில். எதிரெதிர் இரண்டைச் சேர்த்து டைபோல் (நடுவில் ஊட்டும் இரண்டு கை ஆன்டெனா) போல அனலைசரில் மாட்டுங்கள். 14.1-ல் X பூஜ்ஜியமாகும்வரை இரண்டையும் சமமாக நறுக்குங்கள். மற்ற ஜோடிக்கும் அதே. பிறகு நான்கையும் கோஆக்ஸின் கவசத்தோடு (வெளிப் பின்னல்) இணைத்து, நேர்நிற்கும் ஒயரை மட்டும் தொட்டுச் சரிசெய்யுங்கள். 2.5 மீட்டரில் இடம் போதாது, அடியை இன்னும் உயர்த்தி ரேடியலை 45 டிகிரி சரித்தால் 36 ஓம் 50-க்குப் பக்கத்தில் ஏறும், மேட்சிங் எதுவும் தேவையில்லை. நான்கிலும் சமமான மின்னோட்டம் ஓடுகிறதா என்று பார்க்க, கிளிப் வகை ஃபெரைட்டில் 10 சுற்று, அதன் குறுக்கே 50 ஓம், ஒரு டையோடு, ஒரு மீட்டர் போதும். ஒன்று மட்டும் பாதி காட்டினால் அந்தப் பக்கம் தகரக் கூரையோ வேலியோ இருக்கும். ரேடியல் நுனியில் மின்னழுத்தம் அதிகம், கைக்கு எட்டாத உயரத்தில் இன்சுலேட்டர் போட்டுக் கட்டுங்கள். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் இருக்கிறதா என்பதை இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பாருங்கள்.

#4 பன்னிரண்டுசுற்று

இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். கோஆக்ஸின் வெளிப்புறமும் ஒரு ரேடியல்தான்.

20 மீட்டர் வெர்டிக்கல், 4 ரேடியல், அனலைசரிலிருந்து யுஎஸ்பி கேபிள் லேப்டாப்புக்கு. பள்ளம் (எஸ்டபிள்யூஆர் மிகக் குறைவான இடம்) 14.05-ல் தெரிந்தது. கோஆக்ஸை ஒதுக்கி வைக்கலாம் என்று கையால் பிடித்துத் தூக்கியதும், பிடித்த கையோடு பள்ளம் 14.19-க்கு ஓடியது. விட்டால் திரும்பி வந்தது. லேப்டாப் கேபிளைப் பிடுங்கினால் வேறு இடம். மூன்று அளவில் எது ஆன்டெனாவுடையது? எதுவுமே இல்லை. கேபிளும் லேப்டாப்பும் பிடித்த கையும் சேர்ந்த ஒன்றைத்தான் அளந்துகொண்டிருந்தது.

எஃப்டி240-31 டோராய்டில் (ஃபெரைட் வளையம்) கோஆக்ஸை 12 சுற்றுச் சுற்றி ஃபீட்பாயின்டில் வைத்ததும் கை பட்டாலும் கோடு அசையவில்லை. கேபிளின் வெளிப்புற மின்னோட்டத்தைத் தடுக்கும் இந்தச் சோக்குக்குப் பிறகுதான் அளக்க வேண்டும். அனலைசரின் ஓப்பன், ஷார்ட், 50 ஓம் மூன்றையும் சோக்கின் ஆன்டெனா பக்க முனையில் மாட்டி அளவுதிருத்தம் செய்தால் இடையிலிருக்கும் கேபிள் கணக்கிலிருந்து போய்விடும். கருவியைக் கையில் பிடிக்காமல், பேட்டரியில் ஓடவிட்டு, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று படியுங்கள்.

செப்புக்கம்பி சார், உங்கள் 56 ஓம் சோக் போட்டு அளந்ததா?

#5 வறண்டகாற்று

ஆன்டெனாவில் சேரும் நிலைமின்சாரப் பொறியைப் பற்றி யாரும் எழுதவில்லை. 12 மீட்டர் ஒயர், வறண்ட காற்று, தூரத்தில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. பிஎல்-259-ஐ அனலைசர் அருகே கொண்டுபோனபோது நடு ஊசியிலிருந்து நீலமாக ஒரு பொறி, டிக் என்ற சத்தம். அதன் பிறகு திரையில் எந்த லோடு மாட்டினாலும் ஒரே நேர்க்கோடு. உள்ளே பிரிட்ஜ் போய்விட்டது.

மாட்டும் முன் நடு ஊசியையும் கவசத்தையும் ஒரு ஒயரால் தொட்டு விடுங்கள். நிரந்தரமாக, ஃபீட்பாயின்டில் ஊசிக்கும் கவசத்துக்கும் நடுவே 100 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர். 50 ஓம் புள்ளியில் 100 வாட் ஓடினாலும் அதில் விரயமாவது 0.05 வாட்தான். அரை அலை வெர்டிக்கலில் இதே ரெசிஸ்டரை அடியில் வைக்காதீர்கள், அங்கே மின்னழுத்தம் பல மடங்கு. இடி கேட்டால் சோதனையே வேண்டாம்.

#6 குட்டைக்கம்பம்

40 மீட்டருக்கு 2.5 மீட்டர் கம்பம், குறைந்த நீளத்தை ஈடுசெய்ய அடியில் லோடிங் காயில். மேட்சிங் எதுவும் இல்லாமல் எஸ்டபிள்யூஆர் 1.2 வந்ததும் எல்லோரும் பாராட்டினார்கள். அந்த நீளத்துக்குக் கதிர்வீச்சுத் தடை சுமார் 1.4 ஓம். அளந்தது 42. அதாவது 40 ஓமுக்கு மேல் காயிலும் மண்ணிலும். 100 வாட்டில் 3 வாட். ஒரு நிமிடம் கேரியர் போட்டுவிட்டு, அணைத்த பிறகு காயிலைத் தொட்டால் சூடு. ரேடியல் கூட்டி, காயிலைத் தடித்த ஒயரில் இடைவெளி விட்டுச் சுற்றியதும் தடை 15 ஓமுக்கு இறங்கி எஸ்டபிள்யூஆர் 3.3 ஆனது. வெளியே போவது மூன்று மடங்கு. பிறகு அடியில் ஒரு மேட்சிங் காயில் போட்டு 50-க்குக் கொண்டுவந்தாயிற்று.

நான்குகால் சார் சொன்ன 1.7 டிபி முழு அளவு வெர்டிக்கலுக்குத்தான். குட்டைக் கம்பத்துக்கு ரேடியல்தான் உயிர்.

#7 இரவுப்பேண்ட்

மீட்டர் எல்லாம் பார்த்தாகிவிட்டது, காற்றில் என்ன நடக்கிறது?

7 மெகாஹெர்ட்ஸில் 8 மீட்டர் உயர டைபோலும் கால் அலை வெர்டிக்கலும். ஒரு அருகாமை நிலையம் வெர்டிக்கலில் 8 டிபி குறைவாகக் கேட்டது, கம்பத்தை இறக்கும் பேச்சு ஆரம்பித்துவிட்டது. இருட்டிய பிறகு வேறு கண்டத்து நிலையம் ஒன்று டைபோலில் இரைச்சலுக்குள் கிடந்தது, சுவிட்சை வெர்டிக்கலுக்குத் தள்ளியதும் எழுந்து நின்றது. தாழ்ந்த டைபோல் செங்குத்தாக மேலே வீசும், வெர்டிக்கல் தொடுவானத்தை ஒட்டி வீசும். எந்தத் தூரத்தில் சோதிக்கிறோம் என்று சொல்லாமல் எது மேல் என்று கேட்பதில் பொருளில்லை.

ஒரு அழைப்பு, ஒரு பதில், அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. சிக்னல் மங்கலே நிமிடத்துக்கு நிமிடம் 10 டிபி ஆடும். டபிள்யூஎஸ்பிஆர் (குறைந்த சக்தியில் அனுப்பி, கேட்ட நிலையங்கள் தாமே பதிவிடும் முறை) 200 மில்லிவாட்டில் போடுங்கள். 20 மீட்டரில் டயல் 14.0956, 40-ல் 7.0386. ஒவ்வொரு ஒலிபரப்பும் 2 நிமிடச் சாளரத்தில் 110 விநாடி போகும். ஒரு சாளரம் வெர்டிக்கல், அடுத்தது டைபோல், இப்படி ஒரு முழு நாள். பிறகு இரண்டையும் அடுத்தடுத்த சாளரங்களில் கேட்ட நிலையங்களை மட்டும் எடுத்து, 1,000 கிலோமீட்டருக்குள், 5,000-க்கு மேல் என்று பிரித்துச் சராசரி பாருங்கள். இரண்டு ஆன்டெனாவுக்கும் கேபிள் இழப்பு ஒன்றா என்று முதலில் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னல்கவசம் சார் சொன்ன கேபிளைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஒலிபரப்பாமல் கேட்டு மட்டும் பார்க்க 14.100-ல் என்சிடிஎக்ஸ்எஃப் அமைப்பின் பீக்கன்கள் (தானாக ஒலிக்கும் அடையாள நிலையங்கள்) உண்டு. உலகம் முழுக்க 18 நிலையங்கள், ஒவ்வொன்றும் 10 விநாடி, 3 நிமிடத்தில் ஒரு சுற்று. அழைப்புக் குறிக்குப் பின் நான்கு நீண்ட கோடுகள்: 100, 10, 1, 0.1 வாட். ஒரு ஆன்டெனாவில் மூன்றாவது கோடு வரை கேட்கிறது, மற்றதில் இரண்டோடு நின்றுவிடுகிறது என்றால் வித்தியாசம் 10 டிபி அளவில். ஆனால் வெர்டிக்கல் உள்ளூர் இரைச்சலையும் அதிகம் பிடிக்கும். கேட்பதில் தோற்றாலும் அனுப்புவதில் ஜெயிக்கலாம்.

#8 மேலிருந்துகீழ்

டிராப் வெர்டிக்கல் (பேண்டுகளைப் பிரிக்கும் காயில்கள் இடையிடையே உள்ள, பல பேண்டுக்கான ஒரே கம்பம்) வைத்திருப்பவர்களுக்கு மட்டும். உயர்ந்த பேண்டிலிருந்து ஆரம்பியுங்கள்: 10, பிறகு 15, 20, கடைசியில் 40. 40-ஐ முதலில் சரிசெய்துவிட்டு 10-ன் குழாயை 2 செ.மீ. நகர்த்தினால், அந்த 2 செ.மீ. எல்லாக் கீழ் பேண்டிலும் சேர்ந்துவிடும். முதல் நாள் 7.05-ல் இருந்த பள்ளம் மறுநாள் பேண்டுக்கு வெளியே போய் நின்றதற்குக் காரணம் இவ்வளவுதான்.

#9 செப்புக்கம்பி

பன்னிரண்டுசுற்று சார் கேட்ட கேள்விக்கு: இல்லை, சோக் இல்லாமல் அளந்ததுதான். டோராய்டில் 12 சுற்றுச் சுற்றி, அதற்குப் பிறகு அளவுதிருத்தம் செய்து, ரேடியல்களைக் கழற்றிக் கழற்றி மீண்டும் அளந்தாயிற்று.

4 ரேடியல்: முன்பு 56, இப்போது 63 ஓம்.
8 ரேடியல்: 48, இப்போது 52.
16: 42, இப்போது 43.
32: 38, இப்போது 38.5.

ரேடியல் குறைவாக இருந்தபோது கோஆக்ஸ் ஐந்தாவது ரேடியலாக நின்று உதவியிருக்கிறது. நிறைய ரேடியல் இருக்கும்போது அதற்கு வேலையில்லை. நான்குகால் சார், இந்தக் கணக்கில் 4-க்கும் 32-க்கும் இடையே 1.7 அல்ல, 2.1 டிபி. 36-ஐக் கழிப்பது தோராயம் என்று நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். உயர்த்திக் கட்டிய 4 ரேடியலையும் பக்கத்திலேயே அமைத்து, இரவுப்பேண்ட் சார் சொன்னபடி ஒரு நாள் டபிள்யூஎஸ்பிஆர் ஓட்டி எண்களை இங்கேயே போடுகிறேன்.