வகுப்பிலிருந்து கொள்கைக் குழுவுக்குப் போனபோது

பாடம் நடத்துவதை விட்டுவிட்டுக் கொள்கை வகுக்கும் பக்கம் போகலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தொடக்க வகுப்புகளில் பல வருடம் இருந்துவிட்டு, பிறகு கற்றல் மதிப்பீட்டுக் குழுவில் சேர்ந்தவள் நான்.

சேர்ந்த புதிதில் ஒரு வரைவு வந்தது. ஒவ்வொரு பிள்ளையையும் தினமும் 10 நிமிடம் தனியாக வாசிக்க வைத்து ஆசிரியர் குறித்துக்கொள்ள வேண்டுமாம். படிக்க நன்றாகத்தான் இருந்தது. என் கை தானாக ஓரத்தில் கணக்குப் போட்டது: 40 பிள்ளைகள், 400 நிமிடம். பள்ளி நாளே அவ்வளவு நீளம் கிடையாது! சொன்னேன். "இது வழிகாட்டுதல்தான் மேடம், கட்டாயமில்லை" என்றார் ஒருவர். ஆய்வுக்கு வருகிறவர் கையில் அந்தத் தாள் இருந்தால் எல்லாம் கட்டாயம்தான் என்பது வகுப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். நேரம் கிடைக்காத ஆசிரியர் சாயங்காலம் உட்கார்ந்து எல்லாக் கட்டத்திலும் டிக் போடுவார். அப்புறம் அந்த டிக்குகளே புள்ளிவிவரமாகி எங்களிடம் வந்து சேரும். ரொம்ப இழுபறிக்குப் பிறகு, நாளுக்கு 5 பிள்ளைகள் என்று மாற்றினார்கள்.

நல்ல யோசனைகூட பெரிதாக விரியும்போது இடறும். அமெரிக்காவின் டென்னசியில் 1985இல் தொடங்கிய ஸ்டார் ஆய்வில், 13 முதல் 17 பேர் கொண்ட சின்ன வகுப்புகளில் பிள்ளைகள் நன்றாகவே கற்றார்கள். 1996இல் கலிபோர்னியா மாநிலம் முழுக்க வகுப்புகளைச் சிறிதாக்கக் கிளம்பியது. திடீரென்று அத்தனை ஆசிரியர்களுக்கு எங்கே போவது? முழுத் தகுதிச் சான்று இல்லாதவர்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. அவர்கள் அதிகம் போய்ச் சேர்ந்தது ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில்.

அதற்காக, வகுப்பெடுத்தவர்களுக்குத்தான் எல்லாம் தெரியும் என்றும் சொல்ல மாட்டேன். என் வகுப்பில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களைத்தான் எனக்குத் தெரியும். வாரக்கணக்கில் வராத பிள்ளை பதிவேட்டில் ஒரு பெயர், அவ்வளவுதான். வருகைத் தரவையும் மதிப்பெண் தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: தேர்வன்று வராதவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் பள்ளியின் சராசரி தானாக ஏறிவிடும்.

போவதென்றால், வாரத்தில் ஒரு வேளையாவது வகுப்பெடுக்க அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள், அதுவும் சேருவதற்கு முன்பே. சேர்ந்த பிறகு கேட்டால், பார்க்கலாம் என்பார்கள். அந்த வேளையில் சரியாக ஒரு கூட்டம் வந்து விழும்.