மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஏறி நின்று பார்க்கக்கூடிய குன்றுகள் எவை?

கல்லடிவாசி:

வணக்கம். எங்கள் பகுதி கடலும் வாவியும் வயலுமாகத் தட்டையாகக் கிடப்பதால், மலையேற்றம் என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் எல்லவுக்கும் பதுளைக்கும் பேருந்து பிடிக்கிறார்கள். காலையில் புறப்பட்டு மாலைக்குள் வீடு திரும்பக்கூடிய தூரத்தில், கால்நடையாக ஏறி, வாவி எங்கே வளைகிறது, குளங்களும் வயல்களும் எப்படி அமைந்திருக்கின்றன என்று மேலிருந்து பார்க்கத்தக்க இடங்களைத் தேடுகிறேன். குடும்பிமலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதைத் தவிர வேறு இடங்கள் உண்டா? மாசி, பங்குனி மாதங்களில் போக எண்ணம். இரண்டு பிள்ளைகளும் முழங்கால் நோவுள்ள அம்மாவும் உடன் வரக்கூடும். "எங்கள் ஊர்ப் பாறையில் ஏறி என்னத்தைப் பார்க்கப் போகிறாய்?" என்று வீட்டில் கேட்கிறார்கள், அதற்கும் யாராவது பதில் சொன்னால் நல்லது.

படுவான்கரையான்:

வீட்டார் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், தம்பி. தடையில்லாத சமதரையில் தொடுவானம் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நிற்கும் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீற்றரில் வரும். 1913இல் கட்டப்பட்ட முகத்துவாரம் வெளிச்சவீட்டின் உயரம் 28 மீற்றர்; அந்த அளவு உயரத்தில் நிற்பவருக்கே ஏறத்தாழ 19 கிலோமீற்றர் வரை திறந்திருக்கும். 100 மீற்றருக்கு ஏறினால் 36 கிலோமீற்றர். உயரம் நான்கு மடங்கானால்தான் தூரம் இரண்டு மடங்காகும் என்பதால், முதலில் ஏறும் சில பத்து மீற்றர்களே அதிகப் பலனைத் தருகின்றன. மலைநாட்டில் ஆயிரம் மீற்றர் ஏறியும் எதிரில் இன்னொரு மலை வந்து மறைத்துவிடுவதுண்டு. இங்கே மறைக்க எதுவுமில்லை.

நம் பக்கத்துக் குன்றுகள் தொடராக அமையாமல், வயலுக்கும் காட்டுக்கும் நடுவே தனித்தனியாக எழுந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. கிழக்குத் தாழ்நிலத்தின் அடிப்பாறை, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய, நைஸ் (gneiss) எனப்படும் மிகப் பழைய பாறை. சுற்றியிருந்தவை காலப்போக்கில் அரிந்து தேய்ந்துபோக, கடினமான பகுதிகள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. அவற்றின் முதுகு பெரும்பாலும் வழுவழுப்பாக இருப்பதற்குக் காரணம், பாறை வெங்காயம்போலத் தோல் தோலாக உரிவதுதான். இது வெயிற்காலத்தில் நடக்க வசதியானது. மாரியில் பாசி பிடித்தவுடன் அதே பாறை ஆபத்தாகிவிடும்.

உங்கள் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது தாந்தாமலை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின், கல்லடியிலிருந்து வருபவர் வாவியை அங்கே கடந்து, கொக்கட்டிச்சோலை வழியாக மேற்கே போகலாம். அதற்கு முன்னர் அந்த இடத்தில் படகில்தான் கடக்க வேண்டும். முருகன் கோயிலை ஒட்டிய பாறைக் குன்று என்பதால் ஆட்கள் வந்துபோகும் இடம். அம்மா கீழே நிழலில் இருக்க, நீங்களும் பிள்ளைகளும் ஏறி வரலாம். ஆடி உற்சவ நாட்களில் சனநெரிசல் அதிகம்; காட்சிக்காக மட்டும் போகிறவர்கள் வேறு நாளைத் தெரிவு செய்வது நல்லது. கோயில் எல்லைக்குள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்: முற்பகல் பத்து மணிக்குப் பின் பாறை உள்ளங்காலைச் சுடும்.

குன்றே வேண்டும் என்றில்லையாயின், உன்னிச்சைக் குளக்கட்டு போதும். ஒரு பக்கம் நீரும் காடும், மறுபக்கம் வட்டை எனப்படும் வயல்வெளியும் வாய்க்காலுமாக, வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் நீர்ப்பாசனம் முழுவதும் ஒரே நடையில் விளங்கும். பதுளைக்குப் போகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள் என்பதே என் நெடுநாள் ஆதங்கம்.

கிரான் கமக்காரன்:

படுவான்கரை அண்ணன் சொன்ன கணக்குச் சரியானது. ஆனால் குடும்பிமலை ஏறத்தாழ 530 மீற்றர் என்று வைத்துக் கணக்கிட்டால் 82 கிலோமீற்றர் வருமே தவிர, அவ்வளவும் கண்ணில் வராது. வைகாசிக்குப் பின் கச்சான் காற்று வீசத் தொடங்கினால், புழுதியும் வெப்பமுமாகத் தூரம் வெளிறிப்போகும். மழை விட்டு ஓரிரு வாரங்கள் கழிந்த நாளில் போனால்தான் காற்றுத் தெளிந்திருக்கும்.

குடும்பிமலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் உயரத்தை மறந்துவிட்டுப் பாதையைப் பற்றி விசாரியுங்கள். பிரதான வீதியில் கிரானில் மேற்கே திரும்பி, புலிபாய்ந்தகல் வழியாகப் போக வேண்டும். மாரியில் அந்த வீதியை வெள்ளம் மூடிவிடும். அந்த நாட்களில் எங்கள் சனங்களே படகில்தான் கடக்கிறார்கள். தை பிறந்து வெள்ளம் வடிந்தாலும், உள்வீதி வாகனத்துக்கு ஏற்றதாக இருக்கிறதா என்பதைக் கிரானில் கேட்காமல் புறப்பட வேண்டாம். வழியெங்கும் மாட்டுப்பட்டிகளும், வாடிகள் எனப்படும் தங்கு குடிசைகளும் உள்ளன. பால் எடுத்துவரும் மோட்டார் சைக்கிள்காரரைவிடப் பாதையின் நிலையைச் சரியாகச் சொல்லக்கூடியவர் எவருமில்லை.

ஆங்கில வரைபடங்களில் இம்மலைக்குப் 'பரன்ஸ் கெப்' என்று பெயர் போட்டிருக்கும். செய்திகளில் தொப்பிகல என்று வரும். 2007 வரை யுத்தம் நடந்த நிலம் அது. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக 2017இல் அறிவிக்கப்பட்டது. இருந்தாலும், பற்றைக்குள் கிடக்கும் துருப்பிடித்த எந்தப் பொருளையும் பிள்ளைகள் கையில் எடுக்கவோ காலால் தட்டவோ விடாதீர்கள். மேற்பகுதி செங்குத்தானது. அம்மாவை அழைத்துச் செல்லும் இடமல்ல. முதலாவது பயணத்துக்கும் உரியதல்ல என்பேன்.

பொத்துவில் கரை:

தெற்கே வரத் தயாராக இருந்தால் இடத்துக்குக் குறைவில்லை. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன்: மேலே பேசப்படும் குடும்பிமலை வேறு, பாணமைக்குத் தெற்கே காட்டுக்குள் இருக்கும் குடும்பிகல வேறு. இணையத்தில் ஒன்றின் படத்தை மற்றதன் பெயரில் போட்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். குடும்பிகல பௌத்த துறவிகள் தங்கியிருக்கும் குகைகளும், பாறையின் உச்சியில் ஒரு தாதுகோபுரமும் உள்ள இடம். அங்கே தோளையும் முழங்காலையும் மூடிய உடையுடன், சத்தமின்றி நடக்க வேண்டும்.

பிள்ளைகளுடன் வருபவர்களுக்கு அறுகம்குடாவின் தெற்கே உள்ள யானைப்பாறை போதுமானது. கடற்கரை மணலில் நடந்துபோய்ச் சிறிது ஏறினால், கிழக்கே கடல், மேற்கே களப்பும் காடும். அதற்கும் தெற்கே முதலைப்பாறை இருக்கிறது. இரண்டு இடங்களிலும் களப்பின் வாயில் நீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தே கடக்க வேண்டும். களப்பில் முதலைகள் உண்டு. மாலையில் யானைகளும் இறங்கும். சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இருட்டில் திரும்பி நடக்கும் வெளிநாட்டவரைக் கண்டு நம்மவரும் துணிந்துவிடுகிறார்கள். அவர்கள் தப்பியது அவர்களது அதிர்ஷ்டம்.

உகந்தையைப் பற்றி யாரும் சொல்லாதது வியப்பாக இருக்கிறது. முருகன் கோயிலுக்கு மேலே வள்ளியம்மன் மலையில், பாறையிலேயே அமைந்த சுனைகள் உள்ளன. மேலே நின்றால் ஒரு புறம் கடலும், மறுபுறம் குமண வரை நீளும் காடும் தெரியும். குமண தேசிய பூங்காவின் நுழைவாயில் அங்கேதான் இருக்கிறது. பூங்காவுக்குள் சாதாரண நாட்களில் வாகனத்தை விட்டு விரும்பிய இடத்தில் இறங்கி நடக்க அனுமதியில்லை. கதிர்காமத்து ஆடி உற்சவத்தை முன்னிட்டுக் காட்டுப்பாதை திறக்கப்படும் நாட்களில் மட்டும், பாதயாத்திரை போகிறவர்கள் உகந்தையிலிருந்து கும்புக்கன் ஆற்றைக் கடந்து, வியாழை, கட்டகாமம் வழியாக நடக்கிறார்கள். கிழக்கில் நீண்ட நடைபாதை எதுவென்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்; ஆனால் அதை உல்லாச நடையாக எண்ணி வருபவர்கள் முதல் நாளிலேயே தண்ணீர்ச் சுமையால் களைத்துப்போவார்கள்.

உகனை வாசகர்:

அம்பாறைப் பக்கத்தில் ராஜகலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ ஆயிரம் அடி உயரமான குன்றின் மேல், பழைய பௌத்த மடாலயத்தின் இடிபாடுகள் காட்டுக்குள் பரந்து கிடக்கின்றன. இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரரினதும், அவருடன் வந்த இத்திய தேரரினதும் தூபியைக் குறிப்பிடும் பிராமிக் கல்வெட்டு அங்கேதான் உள்ளது. பாதை மரநிழலில் போவதால் வெயில் அவ்வளவு தெரியாது. தொல்பொருள் இடமாகையால் கற்களில் ஏறி நின்று படமெடுப்பதைத் தவிருங்கள். நேரம் குறைவாக இருந்தால் அம்பாறை நகருக்கு அருகிலுள்ள புத்தங்கலை போதும்.

கல்லடிவாசி:

எல்லோருக்கும் நன்றி. தாந்தாமலையில் தொடங்கலாம் என்று முடிவு செய்துவிட்டோம். சூரிய உதயத்தை மேலிருந்து பார்க்க வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டால் சரியாக இருக்குமா?

படுவான்கரையான்:

வேண்டாம், தம்பி. நீங்கள் வரப்போகும் மாசி, பங்குனி பெரும்போக அறுவடைக் காலம். நெல் முற்றிய வாசத்துக்கு யானைகள் இரவில் வட்டைக்கு இறங்கி, விடியும் நேரத்தில்தான் காட்டுக்குத் திரும்பும். அந்த நேரத்தில் வீதியில் நிற்கும் யானை வெளிச்சம் பட்டவுடன் என்ன செய்யும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. காவல் வாடிகளில் இரவெல்லாம் யானை வெடி போட்டுக்கொண்டிருப்பார்கள். வெருண்ட மிருகத்தின் எதிரே முச்சக்கர வண்டியில் போவது அறிவுடைமையல்ல. நன்றாக வெளுத்த பின் கொக்கட்டிச்சோலையைத் தாண்டுங்கள். எட்டு மணியளவில் ஏறத் தொடங்கினால் பாறை சுடும் முன் இறங்கிவிடலாம். ஏறும் முன் கோயிலடியில் குளவிக்கூடு பற்றியும் கேளுங்கள். கூடு இருக்கிறது என்றால் கற்பூரப் புகையோ வாசனைத் திரவியமோ இன்றி, சத்தம் போடாமல் ஏற வேண்டும். மகளுக்கு உதயம்தான் வேண்டுமானால் அதற்குக் கல்லடிக் கடற்கரையே இருக்கிறது. தாந்தாமலையில் காலை வெயில் முதுகில் விழ, மேற்கே பார்க்க வையுங்கள்; காடும் குளங்களும் அந்த வெளிச்சத்தில்தான் பிரிந்து தெரியும்.