ரேம் கூட்டியதும் கேம் வேகம் கூடியதா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நொய்யல்கரை:
போன மாதம் நடந்தது, இன்னும் மனசு ஆறவில்லை. ரைசன் 5 3600 ப்ராசஸர், ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம். சைபர்பங்க் 2077 கேம் திணறுகிறது என்று கடையில் சொன்னதும் "ரேம் போடுங்க தம்பி, பறக்கும்" என்றார்கள், இன்னொரு 16 வாங்கி மாட்டினேன். அன்று ராத்திரி கேமுக்குள் அதே சந்தைத் தெருவில் நடந்தபடி திரை மூலையில் ஓடும் எஃப்பிஎஸ்ஸையே (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) பார்க்கிறேன். முன்பு 38, இப்போதும் 38. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 32-ல் 13 தான் ஓடுகிறது, கிராஃபிக்ஸ் கார்டு 99 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. வாங்கும் முன்பே அதைப் பார்க்கச் சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

பழையமவுஸ்:
எனக்கு நேர் எதிர். 8 ஜிபி, ஹார்ட் டிஸ்க். ஜிடிஏ 5-ல் வண்டியை விரட்டினால் திருப்பத்தில் படம் அப்படியே உறையும், டிஸ்க் கரகரவென்று சத்தம் போடும், ரெண்டு நொடி கழித்துப் பார்த்தால் வண்டி சுவரில் இருக்கும். 16 ஆக்கியதும் எஃப்பிஎஸ் மூணோ நாலோதான் ஏறியது, ஆனால் அந்த உறைதல் போயே போச்சு. அதனால் ரேம் போட்டால் பிரயோஜனமில்லை என்பதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

நொய்யல்கரை:
அண்ணா, நான் அப்படிச் சொல்லவில்லை. 16 போதும் என்கிற இடத்தில் 32 வாங்க வைத்தார்களே, அதுதான் என் வருத்தம்.

சேலத்துமாம்பழம்:
என்னுடையது ரைசன் 5600ஜி ப்ராசஸர், கிராஃபிக்ஸ் அதற்குள்ளேயே இருக்கிறது, தனி கார்டு கிடையாது. ஒரே 8 ஜிபி ஸ்டிக்கோடு இன்னொரு 8 சேர்த்தேன், நான் ஆடும் கேமில் எஃப்பிஎஸ் 40-லிருந்து 60-க்குப் போனது. அவ்வளவுதான் என் கதை. ஆனால் ரெண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸுக்குச் சொந்த மெமரி இல்லை, ரேமைத்தான் கடன் வாங்குகிறது. 3200 வேக டிடிஆர்4 ரேம் ஒரு ஸ்டிக் என்றால் நொடிக்கு 25.6 ஜிபி, ரெண்டு சேனலில் (ரேமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே ரெண்டு பாதை) போட்டால் 51.2, அந்த வித்தியாசம்தான் எஃப்பிஎஸ்ஸாகத் தெரிகிறது. நாலு ஸ்லாட் போர்டு என்றால் பெரும்பாலும் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி ரெண்டாவதிலும் நாலாவதிலும் போடுங்கள், முதல் ரெண்டிலும் போட்டால் ஒரே சேனலில் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங், போட மறக்காதீர்கள், போடாவிட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கியது 2133-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கும். லேப்டாப் என்றால் ஸ்லாட் இருக்கிறதா, போர்டோடு சேர்த்தே பற்றவைத்ததா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மழைநாள்:
எக்ஸ்எம்பி பற்றிப் படித்ததும் போய்ப் பார்த்தேன். பழைய ஸ்டிக் 2666, போன வருஷம் சேர்த்த புதுசு 3200, ரெண்டுமே 2666-ல்தான் ஓடுகிறது. பழையதைக் கழற்றிவிட்டு இன்னொரு 3200 போட்டால் 5600ஜி-யில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஏறுமா? மாற்றிப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.